பத்துப் படத்தில் ஒரு பாஷை

என் நைனா சினிமா பார்ப்பது வயலைப் பார்ப்பதற்குத்தான். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கதாநாயகனும் கதாநாயகியும் பச்சை வயலுக்குள் ஓடிப் பாடும்போது தியேட்டரே விசில் அடிக்கும். நைனா மட்டும் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். "நட்டு பத்து நாள்கூட ஆவல. அதுல போயி மிதிச்சிகினு ஆடறாங்க பாரு," என்று பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி சொல்வார். கதாநாயகியின் கண்ணீர் அவரை ஒன்றும் செய்யாது. அவளுக்குப் பின்னால் காய்ந்து நிற்கும் கரும்பு அவரை ஒரு வழி பண்ணிவிடும். படம் விட்டு வெளியே வந்தால் கதை என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியாது. எடுத்த ஊரில் என்ன மண், என்ன ரகம், களை எடுத்து எத்தனை நாள் என்று மட்டும் சொல்லிவிடுவார்.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் ரோட்டில் எங்கள் வீடு. நெல், கரும்பு, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வேர்க்கடலை. அம்மா நகரிக்காரி, அதாவது ஆந்திரா. திருத்தணியில் பஸ் ஏறி ஒரு பொட்டலம் கடலை தின்று முடிப்பதற்குள் நகரி வந்துவிடும், இடையில் ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கும். அதனால் என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் இரண்டு சினிமா. இந்த வாரம் திருத்தணியில் தமிழ்ப் படம் என்றால் அடுத்த வாரம் நகரியில் தெலுங்குப் படம். ஒரே படம் இரண்டு பாஷையிலும் வந்தால் இரண்டையும் பார்த்துவிட்டு, எதில் அழுகை அதிகம் என்று பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டு வருவோம்.

நைனாவின் தெலுங்கே சினிமாவில் விளைந்ததுதான். கல்யாணம் நிச்சயமானபோது அவருக்குத் தெலுங்கில் மாடு வாங்கத் தெரியும், மாடு விற்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. மாமனாரிடம் மாட்டு வியாபாரி மாதிரி பேச முடியுமா? அந்தக் கோடையில் நகரி தியேட்டரில் பத்துப் படம் பார்த்தார். அங்கே ஆபரேட்டராக இருந்தவர் அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா. புரியாத இடத்தில் நைனா மாடிக்கு ஓடிப்போய் மாமாவிடம் கேட்பாராம். கல்யாணத்தன்று புது மாப்பிள்ளை வாயைத் திறந்ததும் நகரியே சொக்கிவிட்டது என்று அம்மா சொல்வாள். ரசம் போதும் என்பதைக்கூட, பரம்பரைப் பகையை இத்தோடு மறந்துவிட்டேன் என்கிற தோரணையில் சொல்லியிருக்கிறார். தெலுங்குப் படத்துக் கதாநாயகர்கள் பாதி நேரம் மாமனார் வீட்டில்தான் பேசுகிறார்கள் என்பதால் வசனமெல்லாம் இடத்துக்குப் பொருந்திவிட்டது. அதிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை. "பாஷைன்னா இன்னா? பத்துப் படம். அவ்ளோதான்."

இந்தக் கொள்கைதான் என் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

நான் தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவள். ஆபீஸில் எனக்கு எதிர்மேசையில் ஒருவர் இருந்தார். ஆலப்புழைக்காரர். ஒன்றரை வருஷம் ஸ்டேப்ளர் கடன் கேட்டே காலத்தை ஓட்டிய மனிதர். ஒரு நாள் ஸ்டேப்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது விஷயத்தையும் சொல்லிவிட்டார். எனக்கும் சம்மதம்தான். வீட்டில் சொல்ல மட்டும் மூன்று வாரம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லி தட்டில் இருக்கும்போதே சொன்னேன். அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். நைனா மிச்ச இட்லியைச் சாப்பிட்டு, கை கழுவி, மோட்டார் போடப் போனார். நான் அழத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"அவங்க பாஷைல படம் எடுக்கறாங்களா?" என்றார்.

"நல்லாவே எடுப்பாங்க நைனா."

"அப்ப பாத்துட்டு சொல்றேன்."

உலகத்தில் பெண்களுக்குக் கல்யாணம் ஜாதகத்தால் தட்டிப்போகும், இல்லாவிட்டால் பெரியவர்களின் பிடிவாதத்தால் தட்டிப்போகும். என்னுடையது மலையாள சினிமாவின் தரத்தை நம்பி நின்றது.

நகரி தியேட்டர் கல்யாண மண்டபமாகி வெகு நாளாயிற்று. மாமா மட்டும் ஆபரேட்டராகவே இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் டிவி ரிமோட் அவர் கையில்தான். செய்தி கேட்டதும் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். "நேரா கேரளாவுக்குப் போவக் கூடாது பாவா," என்றார் நைனாவிடம். தங்கை புருஷனைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார். "கண்ணு கூசும். வழியில கன்னடம் கீது. அத்தப் பாத்துட்டு மெதுவா எறங்கலாம்."

கன்னடப் படம் பார்த்தார்கள். அதில் ராகி நன்றாக விளைந்திருந்தது. சாமியாடி ஒருவர் காட்டுக்குள் ஓடி மறைந்தார், அது நைனாவுக்கு முக்கியமில்லை. கதிர் முற்றியிருக்கிறது, அறுக்காமல் சாமியாடிக்கொண்டிருக்கிறார்களே என்பதுதான் கவலை. அந்தப் படம் முடிந்ததும் டிவி தானாகவே ஒரு மராத்திப் படத்தைப் போட்டது. மாமாவுக்கு நிறுத்தத் தெரியாமல் இல்லை. ஓடுகிற படத்தை நிறுத்துவது ஆபரேட்டர் தர்மம் இல்லையாம். படம் முழுக்க ஒரு மனிதன் கரிசல் காட்டில் தொலைந்துபோன மாட்டைத் தேடினான். கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. நைனா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் எங்கள் மாட்டுக்கு இரண்டாவது கயிறு கட்டினார்.

அப்புறம் பிடித்தது பைத்தியம். பஞ்சாபிப் படத்தில் ஒரு டிராக்டர் வந்தது. அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தார். வங்காளப் படத்தில் ஒரு பழைய மாடி வீட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசினார்கள், பேசினார்கள், மழை வந்தது, ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடியும் பேசினார்கள். "இவங்களுக்கு சோறு யாரு போடறது? ஒர்த்தனும் வேலைக்குப் போவலியே," என்று அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அசாமியப் படத்தில் ஆறு வீட்டுக்குள் வந்து, இருந்துவிட்டுப் போனது. யாரும் பாடவில்லை, சவால் விடவில்லை. சேற்றை வாரி வெளியே போட்டுவிட்டு மறுபடியும் விதைத்தார்கள். நைனா எழுந்து நின்று பார்த்தார். "இதாண்டா படம்," என்றார்.

எனக்கு ஒரு பக்கம் ஆச்சரியம். ஒரே தேசத்தில் ஒரு ஊர் அடுப்பு மாதிரி இன்னொரு ஊர் அடுப்பு எரிவதில்லை. ஒரு பாஷையில் கோபம் வந்தால் ஜீப் பறக்கிறது, இன்னொரு பாஷையில் கோபம் வந்தால் கதாநாயகன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறான், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் எனக்கு எரிச்சல். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, என் கல்யாணப் பேச்சு இந்தியாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்மேசைக்காரர் தினமும் "இன்னைக்கு எங்க இருக்காங்க?" என்று கேட்பார். "ஒடிசா," என்பேன். "அங்கிருந்து கேரளா ரொம்ப தூரம்," என்று பெருமூச்சு விடுவார். ஒரு நாள் நான் வீட்டில் கத்தியே விட்டேன். அடுத்த நாள் மலையாளம் தொடங்கியது.

மூன்று பேரும் ஒரே படங்களைத்தான் பார்த்தார்கள். மூன்று பேரும் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள்.

மாமா சண்டைக்குக் காத்திருந்தார். கதாநாயகனின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை, அவன் மச்சினன் கிண்டல் செய்தான், மழை பெய்தது. "இப்ப அடிப்பான்," என்றார் மாமா. அவன் அடிக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகும் அடிக்கவில்லை. ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் விட்டதோடு படம் முடிந்தது. "பொறுமைசாலி ஜனங்க," என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

அம்மா சமையலறையைப் பார்த்தாள். "கொலை நடந்த வூட்லகூட டீ போட்டுகினு கீறாங்க," என்றாள். "அப்புறம் அந்தக் கெழங்கு. எந்த வூட்ல பாத்தாலும் மரவள்ளிக் கெழங்கு." மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

நைனா வழக்கம்போல வயலைப் பார்த்தார். அங்கேதான் வினை வந்தது. ஒரு படத்தில் ஒரு விவசாயி வயலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு படகு போகிறது. அவர் தலைக்கு மேலே போகிறது. நைனா படத்தை நிறுத்தச் சொன்னார். வயல் கீழே, தண்ணீர் மேலே, நடுவில் ஒரு வரப்பு. அதோடு அந்த விவசாயி மோட்டார் போட்டு வயலிலிருந்து தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இது இன்னா?"

"செட்டு பாவா," என்றார் மாமா, முப்பது வருஷ அனுபவத்தோடு. "படகை அப்புறமா ஒட்டி இருப்பாங்க."

நைனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் போர்க்கிணற்றில் தண்ணீர் இறங்கி இறங்கி, கோடையில் ஒரு மணி நேரம்கூட மோட்டார் ஓடாது. காலம் முழுவதும் வயலுக்குள் தண்ணீர் கொண்டுவரப் பாடுபட்ட மனிதரிடம் போய், மோட்டார் போட்டுத் தண்ணீரை வெளியே ஊற்றுகிறோம் என்று காட்டினால் எப்படி இருக்கும்? "இம்மாம் பெரிய பொய்ய கூசாம எடுத்து வச்சிகீறாங்க. இந்த ஊர்ல எப்டிம்மா பொண்ணு குடுக்கறது?" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. கேரளாப் பக்கம் கால் வைக்காத நான், அந்த வயல் நிஜமா பொய்யா என்று எப்படிச் சொல்வேன்? எதிர்மேசைக்காரரிடமே கேட்கலாம்தான், 'உங்கள் ஊரே பொய்யாமே' என்று எப்படி ஆரம்பிப்பது?

எதிர்மேசைக்காரரின் அம்மாவும் அப்பாவும் வருவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவானது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்கள், மனதுக்குப் பிடித்தால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். கை நனைக்கிறது என்போம். டீ, காப்பி, பலகாரம் கணக்கில் வராது, சோறுதான் கணக்கு. இலை போட்ட பிறகு 'இருக்கட்டுங்க, இன்னொரு நாள் சாப்பிடறோம்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அந்த இன்னொரு நாள் வரவே வராது. வாயால் வேண்டாம் என்று சொல்லி யார் மனதையும் புண்படுத்தாமல் இருக்க எங்கள் முன்னோர் கண்டுபிடித்த வழி. இதை எதிர்மேசைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாம் மூச்சு விடுகிறோம் என்பதை யாராவது விளக்கிச் சொல்வோமா?

அந்த வாரம் முழுக்க நைனா மோட்டார் கொட்டகையில் தனியாக நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது தூரத்தில் கேட்கும். மலையாளம் படிக்கிறார் என்று அம்மா சொன்னாள். வயல் விஷயத்தில் அத்தனை கோபப்பட்டவர், எனக்காகப் படிக்கிறாரே என்று அவரைக் கலைக்காமல் உள்ளே போய்விடுவேன். எந்தப் படத்திலிருந்து படிக்கிறார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்மேசைக்காரரோடு ரயிலில் வந்து இறங்கினார்கள். அவருடைய அப்பா ஒல்லியாக, வெள்ளை வேட்டியில். அம்மா கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பை. மலைக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டு, பத்தரை மணிக்கு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நைனா இஸ்திரி போட்ட சட்டையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்த நிற்கும் விதமே எனக்குப் புதிதாக இருந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவருடைய அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"வீட்டில்நின்னு எப்போழா இறங்ஙியது?"

வீட்டிலிருந்து எப்போது கிளம்பினீர்கள். விருந்தாளியிடம் யாரும் கேட்கிற கேள்விதான். அவருடைய அப்பா ஒரு கணம் திகைத்து, நேரத்தைச் சொன்னார். நைனா தலையை ஆட்டினார். ஒரு சுற்று நடந்தார். மறுபடியும் திரும்பினார்.

"ஏது வழியா வன்னது?"

எந்த வழியாக வந்தீர்கள். அதற்கும் பதில் வந்தது. நைனா அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, எதிரில் தானும் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கூடெ ஆரொக்கெ உண்டாயிருன்னு?"

கூட யார் யார் இருந்தார்கள். எதிர்மேசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அம்மா சொன்ன அந்தக் கொலை நடந்த வீட்டுப் படம். அதில் விசாரிக்க வருகிற போலீஸ் அதிகாரி. மற்ற எல்லோரும் மழையில் வாய்க்குள் பேச, அவர் ஒருவர்தான் தெளிவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். தண்ணீர் டம்ளரைக்கூட அவர்தான் அப்படி நகர்த்துவார்.

கதவுக்குப் பக்கத்தில் நைனா புல் அறுக்கிற அரிவாள் வழக்கம்போல மாட்டியிருந்தது. அவருடைய அப்பாவின் கண் அதன்மேல் போய் நின்றது. அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி, சுத்தமான தமிழில் சொன்னார்: "ஐயா, நான் எந்தத் தப்பும் செய்யலை. என் குடும்பம் மானத்தோட வாழற குடும்பம்."

அவரும் தமிழ்ப் படம் பார்த்துத் தயாராகி வந்திருக்கிறார். அவர் பார்த்ததெல்லாம் பஞ்சாயத்துப் படம்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் டீ. மலையாளிகளுக்கு டீ இல்லாமல் முடியாது என்பது அவள் ஆராய்ச்சி முடிவு. நான்காவது டீயையும் அவர்கள் பயத்தில் மறுக்காமல் குடித்தார்கள். சிப்ஸ் பை மட்டும் அந்த அம்மாவின் மடியிலேயே இருந்தது, யாரும் வாங்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை. மாமா என் பக்கம் சாய்ந்து, "நல்ல பொறுமைசாலி ஜனங்க," என்றார் மெச்சுதலாக.

பன்னிரண்டு மணிக்கு இலை போட்டாள் அம்மா. வடை, பாயசம், சாம்பார், நடுநாயகமாக மரவள்ளிக் கிழங்கு. நைனா எழுந்து சாப்பிடக் கூப்பிட்டார். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டா," என்றார் அப்பா மெதுவாக. "இப்போ வேண்டா."

அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மாமா ரிமோட்டைக் கீழே வைத்தார். நைனா முகத்தை நான் பார்த்தேன். கரும்பு காய்ந்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. அவர் பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நைனா, நீ பேசனது போலீஸ்காரர் பேசறது. அவங்க பயந்து போயிகீறாங்க. உனக்கு வேற படமே கெடைக்கலியா?"

"போலீஸ்னு தெரியும்மா," என்றார். "அவர்தான் வெளக்கமா பேசறாரு. மத்தவங்க பேசறது காதுல ஏறல. எப்ப கெளம்பனீங்க, எந்த வழியா வந்தீங்க, யார் யார் வந்தீங்க. இதத்தான நானும் கேக்கணும். சரியாதான கேட்டேன்?"

"எதுக்கு நைனா இவ்ளோ பாடு? தமிழ்லயே கேட்டா அவங்களுக்குப் புரியும்."

"அவங்களுக்குப் புரியறதுக்கு இல்லம்மா." மாட்டுக் கயிற்றில் முடிச்சு சரியாகத்தான் இருந்தது, அதை அவிழ்த்து மறுபடியும் போட்டார். "நகரின்னா இங்க கீது. உங்கம்மா அழுதான்னா ஒரு பஸ்ஸு. நீ போவப் போறது அவ்ளோ தூரம். ஒரு நாள் போன் பண்ணி நீ அழுவ. பின்னால அவங்க இன்னா பேசிகினு கீறாங்கன்னு எனக்குப் புரிய வேணாமா? உன்னத் திட்டறாங்களா, சமாதானம் சொல்றாங்களான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

அந்த மனிதர் முப்பது நாற்பது படம் பார்த்தது சம்மதம் சொல்லவா வேண்டாமா என்று முடிவெடுக்க இல்லை. சம்மதம் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் போடப் போனபோதே ஆகிவிட்டது. நான்தான் ஒரு மாதமாகத் தெரியாமல் எரிச்சல்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"வா," என்றேன். "வந்து உன் பேச்சுல பேசு. அந்த வயல் நெசமா பொய்யான்னு கேளு."

"அத்தக் கேட்டா மரியாதையா இருக்காதே."

"இதுக்கு மேல மரியாதை கெடறதுக்கு ஒண்ணும் இல்ல நைனா."

உள்ளே வந்தார். கைகளைப் பின்னால் கட்டவில்லை. நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "அண்ணே," என்று ஆரம்பித்தார், "தப்பா நெனைச்சிக்காதீங்க. ஒரு படத்துல பாத்தேன். உங்க பக்கம் வயலு கீழ கீது, தண்ணி மேல கீது. படகு தலைக்கு மேல போவுது. மோட்டார் போட்டு தண்ணிய வெளிய எறைக்கறாங்க. அது நெசமாங்களா, செட்டா?"

அவருடைய அப்பாவும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்தார்.

"நிஜம்," என்றார். "குட்டநாடு. எனக்கு அங்கே கிருஷி. ஒன்றரை ஏக்கர்."

டம்ளரில் இருந்த தண்ணீரை விரலால் தொட்டு, சிமெண்டுத் தரையில் கோடு போட்டார். இது காயல். இது வரம்பு. இது வயல், கடலைவிடத் தாழ்வு. முதலில் மோட்டாரில் தண்ணீரை வெளியே இறைக்க வேண்டும், அப்புறம்தான் விதைக்க முடியும். நைனா இன்னொரு கோடு போட்டு எங்கள் போரைக் காட்டினார். இங்கே தண்ணீர் இவ்வளவு கீழே. அவருடைய அப்பா அந்தக் கோட்டின் நீளத்தைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். அத்தனை ஆழத்திலிருந்தா ஏற்றுகிறீர்கள் என்றார். அத்தனை தண்ணீரையா வெளியே ஊற்றுகிறீர்கள் என்றார் நைனா. இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் நம்பாமல், ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. வரம்பு ஒரு தடவை உடைந்து பயிர் முழுக்க மூழ்கியதை அவர் சொன்னபோது நைனா அவர் முழங்காலில் கை வைத்தார். அவர் பேசியது மலையாளம், நைனா பேசியது திருத்தணித் தமிழ், இடையிடையே பழக்க தோஷத்தில் தெலுங்கு. மொழிபெயர்க்க வந்த எதிர்மேசைக்காரரை இருவருமே நகர்ந்து உட்காரச் சொன்னார்கள்.

"படகு ஒட்டனது இல்லியா?" என்று மாமா ஒரு தடவை கேட்டார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு அந்த அம்மாதான் எழுந்தார். சிப்ஸ் பையை என் அம்மா கையில் கொடுத்துவிட்டு, இலையைப் பார்த்து, "இது நம்முடெ கப்பயல்லே?" என்றார். அவர்கள் கிழங்கைத்தான் கப்ப என்பார்கள். கணவரைப் பார்த்து, விசாரணை முடிந்துவிட்டதென்றால் சாப்பிடலாமா என்று கேட்டார். கேள்வியெல்லாம் முடிந்த பிறகுதான் சாப்பாடு, இதுவே இந்த ஊர் முறை போல என்று நினைத்துத்தான் முதலில் வேண்டாம் என்றார்களாம். அதோடு வயிறு முழுக்க டீ.

உட்கார்ந்தார்கள். அவருடைய அப்பா கையைக் கழுவி, சாம்பாரை ஊற்றி, முதல் கவளத்தைப் பிசைந்தார். எங்கள் வீட்டில் நான்கு பேர் மூச்சு விடாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தான் சாப்பிடுவதை ஒரு குடும்பமே ஏன் இப்படிக் கண்கலங்கிப் பார்க்கிறது என்று அந்த மனிதருக்குக் கடைசி வரை புரிந்திருக்காது. அவர் விழுங்கியதும் அம்மா உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள்.

"எல்லாம் நன்னாயிட்டுண்டு," என்றார் அவர்.

நைனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். முன்னால் குனிந்தார். "சத்யம் பறயணம்," என்றார், உண்மையைச் சொல்ல வேண்டும் என்று, அதே அதிகாரி குரலில்.

"சத்யம் ஐயா," என்றார் அவர் கைகூப்பி, பஞ்சாயத்துக் குரலில். இலையைக் காட்டி இன்னும் கொஞ்சம் கிழங்கு கேட்டார்.

கல்யாணமாகி முதல் ஆடி மாதம் தாண்டியதும் பத்து நாள் லீவில் ஆலப்புழை போனோம். மழை. போன நாள் முதல் மழை. துவைத்துப் போட்ட துணி ஐந்து நாளாகக் காயவில்லை. ஆறாவது நாள், அந்த ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தேன். நைனா எடுத்தார். "இன்னாம்மா?" என்றார். அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. புடவை காயவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அது புடவைக்காக இல்லை என்று எனக்கே தெரியும். பின்னால் மாமியார் உள்ளிருந்து வேகவேகமாக என்னவோ சத்தம் போட்டார். அழுகையில் எனக்கு அது காதில் விழவில்லை.

நைனா அங்கே டிவியை அணைக்கச் சொன்னார். கூர்ந்து கேட்கிறார் என்று தெரிந்தது.

"அம்மாடி," என்றார். "உன்னத்தான் கூப்புடறாங்க. கொழந்த காலைலருந்து ஒண்ணும் துன்னலன்னு உன் வூட்டுக்காரரப் புடிச்சித் திட்டிகினு கீறாங்க. போனை வை. போயி சாப்புடு."

போனை வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன்.